ஊர் சேர்ந்து நடத்தும் காய்கறிக் கடை: விவசாயிக்கும் குறையாமல், வாங்குபவர் கைக்கும் எட்டும் விலையில் விற்க முழுமையான வழிகாட்டி

பந்தல், மேசை, பெயர்ப்பலகை. அக்கம்பக்கத்து விளைச்சலை நேரடியாக விற்கலாம் என்று கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்த மூன்றைத்தான். மூன்றாவது வாரம் மிஞ்சிப்போன கீரையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதும் அதே குழுக்கள்தான். வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். முதலில் வாங்குபவர், அடுத்து விவசாயி, அப்புறம் விலை, அதன் பிறகு இடம், கடைசியாகத்தான் மேசை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைக்க விவசாயியிடம் பேரம் பேச வேண்டியதில்லை. விற்காமல் கெட்டுப்போகும் எடையைக் குறைத்தாலே விலை தானாக இறங்கும். கீழே வரும் படிகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கின்றன.

1. வாங்கப்போகிறவர்களிடம் பேசுங்கள்

கடை போட நினைக்கும் இடத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் 30 வீடுகளுக்குப் போங்கள். நான்கு கேள்விகள் போதும். வாரத்தில் அடிக்கடி சமைக்கும் காய்கள் எவை? இப்போது எந்த நாளில், எங்கே வாங்குகிறீர்கள்? ஒரு தடவைக்கு எவ்வளவு எடை? சம்பளமோ கூலியோ கைக்கு வருவது எந்த நாள்?

நான்காவது கேள்வியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். கடை நாளை முடிவு செய்வதே அதுதான். பெரும்பாலான வீடுகளில் கையில் காசு இல்லாத நாளில் கடை போட்டால், எவ்வளவு மலிவாக விற்றாலும் அவர்களால் வாங்க முடியாது.

“எவ்வளவு விலை கொடுக்க முடியும்?” என்று நேராகக் கேட்காதீர்கள். வீட்டு வாசலில் நிற்கும் ஒருவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். “போன தடவை தக்காளி என்ன விலைக்கு வாங்கினீங்க?” என்று கேளுங்கள், உண்மை வரும்.

தேவையைக் கணக்கிட ஒரு வழி. ஒருவர் நாளொன்றுக்குக் காய், பழம் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு நாளுக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11.2 கிலோ. அத்தனையையும் உங்களிடமே வாங்க மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் வீட்டுக்கு வாரம் நாலு கிலோ கூட வராது. 30 வீட்டுக்குச் சுமார் 110 கிலோ. “கட்டாயம் வரேன்” என்று சொன்னவர்களில் முதல் மாதம் பாதிப்பேர்தான் வருவார்கள் என்று வைத்து அதையும் பாதியாக்குங்கள். ஆக, முதல் கடை நாளுக்கு 50 முதல் 60 கிலோ.

குறைவாகத் தோன்றும். நடுவிலேயே சரக்கு தீர்ந்து இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த வாரம் சீக்கிரம் வருவார்கள். இருபது கிலோ மிஞ்சினால் அந்த நஷ்டம் அடுத்த வார விலையில் ஏறும். தொடக்கத்தில் முதலாவது தவறையே செய்யுங்கள்.

2. மூன்று முதல் ஐந்து விவசாயிகளோடு உடன்படிக்கை

ஒரே விவசாயியை நம்பினால் ஒரு மழையில் கடை காலியாகிவிடும். பத்துப் பேரிடம் வாங்கினால் ஆளுக்கு நாலு கிலோ, பத்து எடை, பத்துச் சீட்டு என்று காலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். தொடங்குவதற்கு மூன்று முதல் ஐந்து பேர் சரியான அளவு.

போகும்போது வீடுகளில் எழுதிய பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். “என்ன இருக்கு, கொடுங்க” என்பதற்கும் “வாரம் 15 கிலோ வெண்டை, 12 கிலோ கத்தரி, 40 கட்டுக் கீரை எங்களுக்கு வேணும், முடியுமா?” என்பதற்கும் வித்தியாசம் பெரியது. இரண்டாவதைக் கேட்கும் விவசாயிதான் உங்களை நம்பி அடுத்த பாத்தியில் விதை போடுவார்.

விலையை இப்படிப் பேசுங்கள். மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிச் செலவு, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழித்து அவர் கையில் நிற்பது எவ்வளவு? அவரைக் கேட்டே எழுதுங்கள். அதற்கு மேல் எவ்வளவு தர முடியும் என்பதுதான் பேச்சு. இந்த விலை ஒரு மாதத்துக்காவது மாறாமல் இருக்கட்டும். சந்தை விலை ஏறும்போது அவருக்கும், இறங்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் இழுபறி இருக்கத்தான் செய்யும். அதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி, இருவரும் ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சினால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். நீங்கள் கேட்டு அவர் பறித்த எடை முழுவதும் உங்கள் பொறுப்பு. விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் அன்றைக்கே தரவேண்டும். அவராக “இன்னும் ஐந்து கிலோ இருக்கு, வைத்துப் பாருங்கள்” என்று கொண்டுவந்தது விற்றால்தான் பணம். இரண்டையும் கலந்துவிட்டால் மனக்கசப்பு நிச்சயம். விற்ற பிறகு பணம் என்று எல்லாச் சரக்குக்கும் சொல்லும் கடைகள் உண்டு. அது நம் கணிப்புத் தவறை விவசாயி தலையில் கட்டும் வேலை. நான் அதற்கு உடன்படுவதில்லை.

கடைசியாக, பூச்சிமருந்து. எப்போது, என்ன அடித்தார், அடித்ததிலிருந்து பறிக்கும் வரை எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கணக்கு முடியாத பாத்தியிலிருந்து ஒரு கட்டும் வரக்கூடாது. முறையான சான்றிதழ் இல்லாமல் “இயற்கை விளைச்சல்” என்று பலகை வைக்காதீர்கள். எந்த வயலில் விளைந்தது, எப்போது பறித்தது என்று எழுதினாலே வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

கோணலான வெள்ளரி, சின்னத் தக்காளி, தடித்த முள்ளங்கி போன்றவை சந்தையில் கழிக்கப்படுபவை. இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சுவையில் குறையில்லை, விலை குறைவு, விவசாயிக்கும் போக இருந்த காசு வந்து சேரும். ஆனால் கோணல் வேறு, அடிபட்டது வேறு. தோல் கிழிந்த ஒரு தக்காளி கூடையின் அடியில் கிடந்தால் மறுநாள் சுற்றியிருக்கும் நாலைந்தையும் கெடுத்துவிடும்.

3. விலை போடும் கணக்கு

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். நிதானமாகப் பார்ப்போம்.

கத்தரிக்காய் 50 கிலோ, கிலோ 20 வீதம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். மொத்தம் 1,000. வண்டி, இட வாடகை, பை, தண்ணீர் என்று அன்றைய செலவு 600. அன்றைக்கு எல்லாக் காயும் சேர்த்து விற்பது 200 கிலோ. அப்படியானால் விற்கும் ஒவ்வொரு கிலோவும் 3 சுமக்க வேண்டும்.

புதியவர் போடும் விலை: 20க்கு வாங்கினோம், 20 விழுக்காடு சேர்த்து 24க்கு விற்போம். வாடியது, சொத்தை, மிஞ்சியது என்று 6 கிலோ போய்விட்டது. விற்றது 44 கிலோ. வரவு 1,056. சரக்குக்கு 1,000, செலவுப் பங்கு 132. கையை விட்டுப் போனது 76. மாலையில் கல்லாவில் பணம் இருப்பதால் நஷ்டம் கண்ணில் படாது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சரியான கணக்கு வாங்கிய எடையிலிருந்து தொடங்காது, விற்கப்போகும் எடையிலிருந்து தொடங்கும். 1,000ஐ 44ஆல் வகுத்தால் 22.73. அதோடு 3 சேர்த்தால் 25.73. கிலோ 26க்குக் கீழே விற்றால் நஷ்டம்.

இப்போது கெட்டுப்போவதை 6 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் குறைத்துப் பாருங்கள். விற்பது 48 கிலோ. 1,000ஐ 48ஆல் வகுத்தால் 20.83. அதோடு 3 சேர்த்தால் 23.83. அதே கத்தரியை இப்போது 24க்கே விற்கலாம். விவசாயிக்குக் கொடுத்த 20இல் ஒரு காசு குறையவில்லை, ஆனால் வாங்குபவருக்குக் கிலோவுக்கு 2 குறைந்துவிட்டது. நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 20க்கு வாங்கி 25 விழுக்காடு ஏற்றினால் 25. அந்த 25இல் உங்கள் பங்கு 5, அதாவது 20 விழுக்காடுதான். “விற்பனையில் கால்வாசி செலவுக்கு நிற்கும்” என்று நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு மாதக் கடைசியில் துண்டு விழுவது இதனால்தான். விற்பனையில் கால்வாசி நிற்க வேண்டுமென்றால் 20ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 26.67.

ஒவ்வொரு காய்க்கும் வீணாகும் பங்கு வேறு. கீரையில் அதிகம், கிழங்கில் குறைவு. முதல் ஆறு வாரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விழுக்காடு போட்டால் கீரையின் நஷ்டத்தை உருளைக்கிழங்கு வாங்குபவர் சுமக்க நேரிடும். உருளைக்கிழங்கை அதிகம் நம்பியிருப்பது எந்த வீடு என்று யோசித்துப் பாருங்கள்.

4. அந்த விலையும் எட்டாதவர்களுக்கு

அடக்க விலையும் சிலருக்கு அதிகம். அங்கே கைகொடுக்க மூன்று விலை முறை நன்றாக வேலை செய்கிறது. முன்பதிவு செய்தவருக்காகக் கட்டிவைக்கும் ஒரு காய்ப் பையின் (பதிவு பற்றி 7ஆம் படியில்) அடக்க விலை 100 என்றால், உதவி விலை 70, அடக்க விலை 100, தோள்கொடுக்கும் விலை 115. ஒருவர் 70 கொடுத்தால் 30 குறைகிறது. இரண்டு பேர் 115 கொடுத்தால் 30 நிரம்புகிறது. ஒன்றுக்கு இரண்டு. இந்த விகிதம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். 115 கொடுப்பவர்கள் 20 பேர் என்றால் 70க்கு 10 பை வரைதான் கொடுக்க முடியும். அதற்கு மேல் தேவைப்பட்டால் நன்கொடை திரட்டுங்கள், விவசாயியின் விலையில் கைவைக்காதீர்கள்.

எந்த விலை என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும். வருமானச் சான்று கேட்காதீர்கள். ஏமாற்றுகிறவர் ஒருவர் இருக்கலாம், ஆனால் சான்று கேட்டதால் வராமல் போகிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள்.

இதைவிட முக்கியம், அந்தத் தேர்வு யாருக்கும் தெரியக்கூடாது. எங்கள் கடையின் தொடக்க நாட்களில் உதவி விலைக்கு மஞ்சள் டோக்கன், மற்றவர்களுக்கு வெள்ளை என்று வைத்திருந்தோம். கூட்டமான ஒரு காலையில் மேசையில் நின்ற பையன், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், “அக்கா, உங்களுது மஞ்சளா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். அந்த அம்மா தக்காளியைத் தட்டில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். “இன்னைக்கு வேண்டாம்பா” என்றார். அதன் பிறகு அவர் வரவே இல்லை. அந்தக் கைகள் தக்காளியை வைத்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே நிற டோக்கன், எண் மட்டும்தான். முன்பதிவு எடுப்பவர் ஒருவருக்கு மட்டும் யார் எந்த விலை என்று தெரியும். பணமும் அவரிடமே முன்கூட்டிச் சேர்ந்துவிடும். மேசையில் இருப்பவர் எண்ணைப் பார்த்துப் பையைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தடை: குறைந்தபட்ச எடை. “ஒரு கிலோ எடுத்தால் விலை குறைவு” என்ற சலுகை, மொத்தமாக வாங்கக் காசும் வைத்துக்கொள்ள இடமும் உள்ளவருக்கே போய்ச் சேரும். நூறு கிராம் வாங்கினாலும் அதே வீதம்தான் என்று எழுதி வையுங்கள். தொகையை மட்டும் சில்லறை தேடாத அளவுக்கு முழுமையாக்கிக்கொள்ளலாம், அதுவும் கீழ்நோக்கி.

5. இடம், அனுமதி, நேரம்

இந்தப் பகுதி சுருக்கமாக. நிழல், குடிக்கத்தக்க தண்ணீர், வண்டி நிற்க இடம், கழிப்பறை. இந்த நான்கில் நிழலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் நிழலாக இருப்பது பத்து மணிக்கு வெயிலாகிவிடும், ஆகவே கடை நடக்கும் நேரத்தின் கடைசி அரை மணியில் போய்ப் பாருங்கள்.

இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: வாரம் ஒரு நாள் விற்க என்ன அனுமதி வேண்டும், தராசுக்கு எந்த முத்திரை வேண்டும். வெட்டாத முழுக் காய்க்கு விதிகள் பொதுவாக எளிமை. வெட்டி விற்றால் அது வேறு உலகம். வெட்டிய காய், பழத்தை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாமல் பூசணிக் கீற்றைக்கூட வெட்டி வைக்காதீர்கள். முழுப் பூசணி பெரிதாக இருக்கிறதே என்றால், சின்னக் காய் காய்க்கும் ரகத்தைப் போடும்படி விவசாயியிடம் கேளுங்கள்.

கடை மூன்று மணி நேரம் நடந்தால் போதும். நேரம் நீண்டால் கூட்டம் கூடாது, காய்தான் வாடும்.

6. கையில் இருக்க வேண்டியவை

தராசு ஒன்று, மாற்றுத் தராசு ஒன்று. ஒரு கிலோ எடைக்கல். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட் (பெட்டி) 20, கழுவிக் காய வைத்தது. சுத்தமான பருத்தித் துணி அல்லது சாக்கு. விலை எழுதப் பலகை, சுண்ணக்கட்டி. சில்லறை. மூன்று நோட்டு: கொள்முதல், விற்பனை, கழிவு. பந்தல் கடைசி. மரநிழல் கிடைத்தால் அதுவும் வேண்டாம்.

கிரேட் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் மருந்து டப்பாவோ உரமோ ஏற்றியதாக இருக்கக்கூடாது. சாக்குமூட்டையில் காய் கொண்டுவருவதைத் தவிருங்கள். அடியில் உள்ளது நசுங்கி, அந்த ஈரத்தில் மேலே உள்ளதும் கெடும்.

7. வாரச் சுற்று: முதலில் பதிவு, பிறகு பறிப்பு

கடை சனிக்கிழமை என்றால் சுற்று இப்படிப் போகும். செவ்வாய் மாலை விவசாயிகளிடம் கேட்டு, இந்த வாரம் என்ன கிடைக்கும் என்ற பட்டியல். புதன் காலை அது வீடுகளுக்குப் போகும், போனிலோ வாசல் பலகையிலோ. வியாழன் இரவு வரை முன்பதிவு. வெள்ளி காலை ஒவ்வொரு விவசாயிக்கும் கிலோ கணக்கில் ஒரே ஒரு எண் சொல்லப்படும். அவர் அந்த அளவுக்கு மட்டும் பறிப்பார்.

பறிக்காத காய் செடியிலேயே ஓரிரு நாள் நிற்கும். பறித்த காய்க்கு அந்த அவகாசம் இல்லை. முன்பதிவின் பலன் இதுதான்.

முழுவதையும் முன்பதிவாக்கிவிடவும் வேண்டாம். போன் இல்லாதவர், அன்றைக்குக் கூலி வந்த பிறகே வாங்க முடிகிறவர் என்று நேரில் வருபவர்களுக்காக மொத்தத்தில் கால்வாசியாவது மேசையில் இருக்க வேண்டும். எல்லாம் பதிவுக்கே போய்விட்டால், யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களே வெளியே நிற்பார்கள். பதிவு செய்து வராதவர்களின் பைகளைக் கடை மூட ஒரு மணி இருக்கும்போது திறந்து மேசையில் வைத்துவிடலாம் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

8. பறிப்பு முதல் மேசை வரை

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். அதே வேகத்தில் காய் தன்னைத் தானே தின்று தீர்க்கும். அதனால்தான் விடியற்காலைப் பறிப்பு. வெயில் ஏறிப் பறித்த கீரையில் வயலின் சூடே தங்கியிருக்கும், என்ன தண்ணீர் தெளித்தாலும் பிறகு அது நிமிராது. எடையில் 3 முதல் 5 விழுக்காடு ஈரம் போனாலே கீரை வாடித் தெரியும். ஒரு கிலோவில் வெறும் 30, 40 கிராம்தான். ஆனால் அந்த 40 கிராமுக்காக மீதி 960 கிராமையும் யாரும் தொட மாட்டார்கள்.

பறித்ததும் நிழலுக்கு. கட்டை இறுக்கிக் கட்டாமல், வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, நனைத்துப் பிழிந்த துணியால் மூடுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் நடுவில் அழுகும். தெளிக்கும் தண்ணீர் குடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரைத் தெளித்தால் அதிலுள்ள கிருமியையும் சேர்த்துத் தெளிக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் குளிர் நல்லது என்று நினைக்காதீர்கள். கீரை, முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ் உறைநிலையை ஒட்டிய குளிரில் நன்றாக நிற்கும். தக்காளி 10 டிகிரிக்குக் கீழே போனால் சுவையும் பழுக்கும் தன்மையும் கெடும். வெள்ளரி, கத்தரி, வெண்டை 7, 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் தோலில் குழி விழும், வெளியே எடுத்ததும் அழுகத் தொடங்கும். முந்தின நாளே காய் வாங்கி, யாரோ கொடுத்த ஃபிரிட்ஜில் எல்லாவற்றையும் திணித்து, மறுநாள் காலை வெண்டை கறுத்துப்போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் இல்லாமல் குளிர்விக்க, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய செங்கல் தொட்டி உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செங்கல் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்றுமணல், மேலே கூரைபோல் ஒரு மூடி. காலை மாலை மணலை நனைத்தால் ஆவியாகும் நீர் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். காற்று வறண்டிருக்கும் இடத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும். புழுக்கமான கடலோரத்தில் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதும் முக்கியம். பழுத்த வாழைப்பழம், தக்காளி, மாம்பழம், ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்திலுள்ள கீரையும் வெள்ளரியும் அதனால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். மேசையின் எதிரெதிர் முனைகளில் வையுங்கள். உருளைக்கிழங்கு வெளிச்சத்தில் பச்சை பூத்தால் அதில் நச்சு கூடுகிறது என்று பொருள், துணி போட்டு மூடுங்கள். வெங்காயம் காய்ந்த இடத்தில், உருளைக்கிழங்கிலிருந்து தள்ளி. தக்காளியை இரண்டு அடுக்குக்கு மேல் அடுக்காதீர்கள். எந்தக் கிரேடும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும்.

9. கடை நாள்

நான்கு பேர் வேண்டும்: எடை போடுபவர், பணம் வாங்குபவர், மேசையை நிரப்புபவர், வருபவரிடம் பேசுபவர். எடையும் பணமும் ஒரே கையில் இருந்தால் வரிசை நின்றுவிடும், கணக்கும் தவறும்.

தராசைச் சமதளத்தில் வைத்து, எடைக்கல்லை முதலில் வாங்குபவர் கண்ணெதிரே போட்டுக் காட்டுங்கள். நடுவில் இன்னொரு முறை. கல் இல்லாத நாளில், வெறும் பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கி, அளந்த ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். கூடையின் எடையைக் கழிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு கிலோவிலும் 80 கிராம் கூடைக்குக் காசு வாங்கினால், தெரியாமல் செய்தாலும் அது ஏமாற்றுத்தான். வயதானவர்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள், சொல்லாமல் போய்விடுவார்கள்.

எல்லாச் சரக்கையும் ஒரே தடவையில் மேசையில் கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வெளியே, மீதி நிழலில் துணிக்குள். பத்துப் பேர் கிளறிய தக்காளி பதினோராவது ஆளுக்குப் பழையதாகத் தெரியும். கொஞ்சமாக வைத்து அடிக்கடி நிரப்பினால் காலை பத்து மணிக்கு வருபவருக்கும் ஏழரை மணிக்கு வந்தவருக்குக் கிடைத்த தக்காளியே கிடைக்கும்.

விலை பெரிய எழுத்தில், கிலோவுக்கும் கால் கிலோவுக்கும் சேர்த்து. விலையைக் கேட்கவே தயங்கி நகர்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கு, பேசுபவர் தானாகவே சொல்லட்டும்: “வாங்க பாட்டி, கத்தரி கால் கிலோ ஆறு.”

10. கடைசி ஒரு மணி

கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்பது எளிது. மூன்று வாரம் அப்படிச் செய்தால் பாதிக் கூட்டம் கடைசி மணிக்கே வரப் பழகிவிடும். முன்பே வந்தவருக்கும் அது நியாயமில்லை. தளர்ந்த காயை மட்டும் தனிக் கூடையில் “இன்றே சமைக்க” என்று எழுதி, கடை திறந்ததிலிருந்தே குறைந்த விலைக்கு வையுங்கள். எப்போது வருபவரும் அதை எடுக்கலாம்.

மூடிய பிறகு மிஞ்சும் நல்ல காய்க்கு முன்கூட்டியே ஓர் இடம் பேசி வைத்திருக்க வேண்டும்: சமைத்துப் போடும் பொதுச் சமையலறை, முதியோர் இல்லம். அன்றைக்கே தேடிப் போனால் அவர்கள் சமையல் முடிந்திருக்கும். சாப்பிட முடியாதது மாட்டுக்கோ உரக்குழிக்கோ. எங்கே போனாலும் போகும் முன் எடை போட்டுக் கழிவு நோட்டில் காய்வாரியாக எழுதுங்கள். அந்த நோட்டைக் காட்டித்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை விவசாயியிடம் “கீரை பத்துக் கட்டு குறைச்சுக்கலாம் அண்ணே” என்று சொல்ல முடியும்.

11. கலையும் முன் கணக்கு

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கணக்கு பெரும்பாலும் நேராகாது. கல்லாப் பணத்திலிருந்து காலையில் வைத்த சில்லறையைக் கழியுங்கள். முன்பதிவுப் பணத்தைச் சேருங்கள். விற்பனை நோட்டோடு ஒப்பிடுங்கள். வாங்கிய எடை = விற்றது + கொடுத்தது + கழிந்தது. கொஞ்சம் வித்தியாசம் ஈரம் வற்றியதால் வரும். அதற்கு மேல் போனால் தராசையோ, கணக்கில் ஏறாமல் கைமாறிய பையையோ தேடுங்கள்.

விவசாயியின் பணத்தை முதலில் எண்ணி எடுத்துவிடுங்கள், மீதிதான் உங்கள் செலவுக்கு. இந்த வரிசை ஒருமுறை மாறினால் “அடுத்த வாரம் தரேன்” என்ற பேச்சு தொடங்கும். பிறகு நல்ல காய் வேறு கடைக்குப் போகும், உங்களுக்கு மீந்தது வரும்.

12. ஆறு வாரம் கழித்து

கழிவு நோட்டை எடுத்து வையுங்கள். தொடர்ந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும் காயை நிறுத்துங்கள், அல்லது முன்பதிவுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். முதல் 30 வீட்டில் வராமல் நின்றவர்களின் வாசலுக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள். விலையைவிட நேரம், தூரம், யாரோ சொன்ன ஒரு வார்த்தை என்று காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். போனால்தான் தெரியும்.

நான்கு பேரில் யாராவது ஒருவர் மூன்று வாரம் விடாமல் நின்றிருந்தால் நான்காவது வாரம் அவருக்கு ஓய்வு கொடுங்கள். சின்னச் சம்பளமாவது கொடுக்க முடிந்தால் அதைக் கடைச் செலவில் சேர்த்து விலைக் கணக்கை மறுபடி போடுங்கள். இலவச உழைப்பை நம்பிப் போட்ட விலை அந்த ஆள் விலகும் நாளில் நிற்காது.

வாரத்தில் இன்னொரு நாளும் திறக்கலாமா என்று அப்போது கேட்பார்கள். இப்போதைய கடை நாளின் கழிவு நான்கு வாரம் தொடர்ந்து 5 விழுக்காட்டுக்குள் நின்றிருந்தால், வாரத்தின் நடுவில் கீரைக்கும் தக்காளிக்கும் மட்டும் ஒன்றரை மணி நேரக் கடை போட்டுப் பாருங்கள்.